பெஞ்சு நகரலாம், சுடும் இடம் நகரக் கூடாது

டெக்சாஸில் நிலம் வாங்கி, அதில் சொந்தமாக ஒரு சுடுதளம் அமைக்கத் திட்டமிட்டிருக்கும் தமிழ் நண்பர்களுக்கு,



நிலம் வாங்கியாயிற்று. வேலியும் போட்டாயிற்று. வாரக் கடைசியில் போய் ரைஃபிளை ஜீரோ செய்யவும், வளர்ந்த பிள்ளைகளுக்கு .22 ரைஃபிளில் சுடப் பழக்கவும் ஓர் இடம் வேண்டும். அடுத்து உங்களுக்குள் எழும் கேள்வி, ரைஃபிளை ஊன்றிச் சுட எந்த மடக்கு பெஞ்சு வாங்குவது என்பது. கடைப் பட்டியலைத் திறந்தால் எடை, விலை, மடக்கும் வசதி, சுழலும் இருக்கை என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு முன் ஒன்றை முடிவுசெய்துகொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். தூக்கிச் செல்லக்கூடிய பெஞ்சையே வாங்குங்கள், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் நிலத்தில் அதை ஒரே ஓர் இடத்தில் மட்டும் போடுங்கள். அந்த ஓரிடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பட்டியலைப் பார்த்தால், கவர்ச்சியாகத் தெரிந்த பல வசதிகள் தேவையில்லாதவை என்று புரியும். ஒன்றிரண்டு ஆபத்தானவை என்றும் புரியும்.

இடம் மாறப்போவதில்லை என்றால் கான்கிரீட்டிலேயே கட்டிவிடலாமே என்று நீங்கள் கேட்பது நியாயம். பெரிய சுடுதளங்கள் பலவற்றில் கான்கிரீட் பெஞ்சுகள்தான் இருக்கின்றன. அசையாமையில் அவற்றுக்கு நிகர் எதுவுமில்லை. தடையாக இருப்பது மண். டாலஸிலிருந்து வேக்கோ, ஆஸ்டின் வழியாகச் சான் அன்டோனியோ வரை நெடுக ஓடுவது கரிசல் பட்டை. கோவில்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்தவர்களுக்கு அந்த மண்ணை நான் விளக்க வேண்டியதில்லை. மண்ணியல் அறிஞர்கள் இரண்டையும் வெர்டிசால் என்ற ஒரே வகையில்தான் சேர்க்கிறார்கள். மழையில் ஊதிப் பருக்கும், கோடையில் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். இந்தப் பகுதியில் வீட்டு அஸ்திவாரங்களே விரிசல் விட்டுச் சாய்கின்றன. ஆழமான தூண் இறக்காமல் மேலாக ஊற்றிய ஒரு கான்கிரீட் மேசை இந்த மண்ணில் மட்டம் தப்பாமல் நிற்கும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை. தூண் இறக்கிக் கம்பி கட்டி ஊற்றலாம்தான். அந்தச் செலவில் நல்ல மடக்கு பெஞ்சுகள் பல வாங்கிவிடலாம். அதோடு, வேளாண் நிலத்துக்கான வரிக் கணிப்பை விட்டுவிடாமல் இருக்கப் பக்கத்துக்காரரின் மாடுகளை மேயவிட்டிருப்பவர்கள் உங்களில் பலர். வெட்டவெளியில் நிற்கும் எந்தப் பொருளிலும் மாடு வந்து முதுகைத் தேய்க்கும். சுட்டு முடித்ததும் மடக்கிக் கொட்டகைக்குள் வைக்கக்கூடிய பெஞ்சுதான் இந்த நிலத்துக்குத் தோதானது.

இனி, பெஞ்சு எதற்காக? சுடுபவரின் நடுக்கத்தை ரைஃபிளிடமிருந்து பிரித்துவிடுவதற்காக. ஸ்கோப் சரியாக அமைந்திருக்கிறதா, எந்தத் தோட்டா இந்தக் குழாய்க்கு ஒத்துப்போகிறது என்பதெல்லாம் கை நடுக்கம் கலந்த குறிகளைப் பார்த்துச் சொல்ல முடியாதவை. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ரைஃபிளின் முன்பகுதி ஒரு மணல் மூட்டையிலும், பின்கட்டை இன்னொரு மூட்டையிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். முன் மூட்டை ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், 100 கஜத்தில், அதாவது 91 மீட்டரில், குறி 15 சென்டிமீட்டர் விலகும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே ஒன்றரை சென்டிமீட்டர் போய்விடும். நல்ல ரைஃபிள் 100 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குள் குண்டுகளைக் கூட்டும் என்று எதிர்பார்க்கிறோம். அந்த ஓர் அங்குலத்தில் பாதிக்கு மேற்பட்டதைக் கண்ணுக்கே தெரியாத ஓர் அசைவு விழுங்கிவிடுகிறது.

எல்லா அசைவும் ஒன்றல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பெஞ்சின் கால் ஈர மண்ணில் மெல்ல அமிழ்வது எரிச்சலூட்டும், அவ்வளவுதான். மறுபடி குறி பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். கெடுப்பது, குறி பார்த்து முடித்து விசையை அழுத்துவதற்கும் குண்டு குழாயை விட்டு வெளியேறுவதற்கும் இடையில் நிகழும் ஆட்டம்தான். மேசைப் பலகையின் கனத்தையும் இரும்பின் தடிமனையும் மட்டும் வைத்துப் பெஞ்சை மதிப்பிடுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். கனமான பலகை, தொளதொளத்த கீலின் மேல் உட்கார்ந்திருந்தால் கனத்தினால் பயனில்லை. கால்கள் பலகையோடு சேரும் மூட்டுகளைத்தான் முதலில் கைவைத்துப் பார்க்க வேண்டும். விருந்துக்குப் போடும் பிளாஸ்டிக் மடக்கு மேசையே போதாதா என்பவர்களுக்கும் இதுவே பதில்: அது எடையைத் தாங்கும், ஆனால் பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுக்காது.

கால்கள் மூன்றா நான்கா என்பதில் நான் மூன்றின் பக்கம். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். நான்காவது புள்ளி அந்தத் தளத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மேடுபள்ளமான தரையிலும் பானை மூன்று கல் அடுப்பில் ஆடாமல் நிற்பது இதனால்தான். ஐ-35 நெடுஞ்சாலைக்கு மேற்கே, ஹில் கண்ட்ரியில் நிலம் வாங்கியவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். அங்கே கரிசல் கிடையாது, மெல்லிய மண்ணுக்கடியில் சுண்ணாம்புப் பாறை. சமதளம் என்பதே அரிது. மூன்று கால் பெஞ்சு மூலையில் சாய்ந்தால் கவிழும் என்று சொல்வார்கள். உண்மைதான். கால்கள் வரையும் முக்கோணத்துக்கு வெளியே உடம்பின் பாரத்தைப் போட்டால் எந்த முக்காலியும் கவிழத்தான் செய்யும். அதனால் கால்கள் நன்றாக அகன்று விரியும் பெஞ்சாகவும், முழங்கை ஊன்றும் பகுதி முக்கோணத்துக்கு உள்ளேயே அமையும் பெஞ்சாகவும் பாருங்கள். எழுந்திருக்கும்போது பலகையின் ஓரத்தை ஊன்றி எழும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். நான்கு கால் பெஞ்சுதான் கிடைக்கிறது என்றால், ஒவ்வொரு காலையும் தனித்தனியே திருகி ஏற்றி இறக்க முடிகிறதா என்று பாருங்கள். அது இல்லாத நான்கு கால் பெஞ்சை வாங்க வேண்டாம்.

இருக்கை விஷயத்தில்தான் என் கருத்து கடைக்காரர்களின் கருத்தோடு அதிகம் மோதும். இருக்கையும் மேசையும் ஒரே சட்டத்தில் சேர்ந்த பெஞ்சுகள் நன்றாக விற்கின்றன. ஒன்றைத் தூக்கினால் இரண்டும் வந்துவிடும். உட்காருபவரின் எடை சட்டத்தை அழுத்திப் பிடிப்பதால் உதை அதிகமுள்ள ரைஃபிளுக்கும் பெஞ்சு பின்னால் நகராது. இந்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் உடம்பிலிருந்து ரைஃபிளைப் பிரிக்க வாங்கிய மேசையில், உடம்பையே கொண்டுபோய்ப் பிணைத்துவிடுகிறோம். மூச்சு இழுப்பதும், பாதத்தை நகர்த்துவதும், தோளைத் தளர்த்துவதும் சட்டத்தின் வழியே மூட்டைக்குப் போய்ச் சேர்கின்றன. காட்டுப்பன்றி வேட்டைக்கு 100 கஜத்தில் இரண்டங்குலத்துக்குள் விழுந்தால் போதும் என்பவர் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. தோட்டாக்களை ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவருக்கு மேசை தனியாகவும் முக்காலி தனியாகவும் இருப்பதே நல்லது. உயரமானவரும் குள்ளமானவரும் மாறி மாறி உட்காரும் குடும்பத்துக்கும், இடக்கைக்காரர் ஒருவர் இருக்கும் குடும்பத்துக்கும் தனி முக்காலிதான் வசதி. இடக்கைக்காரர் என்றதும் நினைவு வருகிறது: பலகையில் உடம்புக்காக வெட்டிய இடம் ஒரு பக்கம் மட்டும் இருக்கிறதா, இரு பக்கமும் பயன்படுமா என்று பாருங்கள். வலக்கைக்காரருக்கென்றே வெட்டிய பலகையில் இடக்கைப் பிள்ளையை உட்கார வைத்தால், அது கோணிக்கொண்டு சுடப் பழகிவிடும்.

சுழலும் பெஞ்சை மட்டும் எந்த நிலையிலும் வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மேசையும் இருக்கையும் 360 பாகையும் சுழலும் அமைப்பு, பரந்த புல்வெளியில் நாற்புறமும் தோன்றும் பிரெய்ரி நாய் என்னும் கொறிவிலங்குகளைச் சுடுபவர்களுக்குப் பயன்படுவது. அவர்களுக்குக் குறி எந்தத் திசையிலும் இருக்கலாம். உங்களுக்குக் குறி ஒரே திசையில், குண்டைத் தடுக்கும் ஒரே மண்மேட்டின் முன்னால் இருக்கிறது. குழாய் முனை அந்தத் திசையை விட்டுத் திரும்பத் தேவையே இல்லாத ஓரிடத்தில், அதை எளிதில் திருப்ப வழிசெய்யும் கருவியைக் காசு கொடுத்து வாங்குவானேன்? புதிதாகச் சுட வந்த ஒருவர், “விழுந்ததா?” என்று கேட்டுக்கொண்டே பின்னால் நிற்பவரைத் திரும்பிப் பார்க்கும்போது, இருக்கையோடு சேர்ந்து மேசையும் ரைஃபிளும் திரும்புகின்றன. சுழலாத மேசையில் அவர் தலை மட்டும்தான் திரும்பும்.

சுடும் இடம் ஏன் நகரக் கூடாது என்பதற்கு வருகிறேன். சுடுதளம் என்பது பெஞ்சு, குறி, மண்மேடு, அதற்குப் பின்னால் கிடக்கும் நிலம் ஆகிய நான்கும் ஒரே கோட்டில் சேர்ந்தது. நீங்கள் நிலத்தைச் சுற்றிப் பார்த்து, பின்னால் வீடில்லை, சாலையில்லை, பண்ணைக் கொட்டகையில்லை என்று உறுதிசெய்தது அந்த ஒரு கோட்டுக்கு மட்டுமே. ஒரு நாள் வெயில் முகத்தில் அடிக்கிறது என்று பெஞ்சைத் தூக்கி 20 மீட்டர் தள்ளி மரநிழலில் போட்டுக்கொள்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். குறி அதே இடத்தில், 100 கஜத்தில் இருக்கிறது. தப்பாகத் தெரிய எதுவுமில்லை. ஆனால் கோடு 12 பாகைக்கு மேல் திரும்பிவிட்டது. இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் அது முன்பிருந்த கோட்டிலிருந்து 400 மீட்டருக்கு மேல் விலகியிருக்கும். பின்னால் கிடப்பது இப்போது நீங்கள் பார்க்காத நிலம். இரண்டு கிலோமீட்டர் என்பது மிகையான கற்பனையுமல்ல. சாதாரண .22 தோட்டாப் பெட்டிகளிலேயே ஒன்றரை மைல் தூரம்வரை ஆபத்து என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர். வேட்டை ரைஃபிள்களின் குண்டு அதையும் தாண்டிப் போகும். மண்மேடு நேர் எதிரே நின்று சுடும்போது காட்டும் அகலம் வேறு, சாய்கோணத்தில் காட்டும் அகலம் வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இது சட்டத்தின் கேள்வியும்கூட. வேட்டையின்போதோ பொழுதுபோக்காகச் சுடும்போதோ, தெரிந்தே சுட்ட குண்டு நில எல்லையைத் தாண்டிப் போனால் டெக்சாஸ் சட்டப்படி குற்றம். குற்றமாகாமல் இருக்க, எல்லையின் இருபுறமும் உங்கள் நிலமாக இருக்க வேண்டும், அல்லது அடுத்த நிலத்துக்காரரிடம் எழுத்துமூலம் ஒப்புதல் இருக்க வேண்டும். நகர எல்லைக்கு வெளியே, மனைப்பிரிவுக்குள் 10 ஏக்கரோ அதற்குக் குறைவாகவோ உள்ள மனைகளில் துப்பாக்கி சுடுவதைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் கவுண்டிக்கு உண்டு. ஆகவே பெஞ்சு வாங்குவதற்கு முன் கவுண்டி அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

100 கஜம் அலுத்துவிடும், 50-லும் 200-லும் சுட வேண்டும், அதற்குத்தானே நகரும் பெஞ்சு என்பது அடுத்த எதிர்வாதம். தூரம் மாற வேண்டுமானால் குறியை நகர்த்துங்கள், பெஞ்சை நகர்த்த வேண்டாம். அதிலும் ஒரு கவனம் தேவை. பெஞ்சில் குழாயின் உயரம் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர். 50 கஜத்தில் ஓர் அடி உயரத்தில் குறியை நட்டால், குண்டு சரிந்து போய் 70 கஜத்துக்குச் சற்று அப்பால் தரையில் பட்டுத் தெறிக்கும். மண்மேட்டுக்குப் போகவே போகாது. சுண்ணாம்புப் பாறைத் தரையில் அப்படித் தெறிக்கும் குண்டு எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது. எந்தத் தூரத்தில் குறி வைத்தாலும், குழாயிலிருந்து குறியின் நடுவுக்கு இழுத்த நூல் நீண்டு மண்மேட்டின் வயிற்றில் முடிய வேண்டும். சுடும் இடம் நிலையாக இருந்தால், குறிகளுக்கான கம்பங்களை ஒருமுறை அளந்து நட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அது நகர்ந்துகொண்டே இருந்தால், இந்தக் கணக்கை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும்; ஒவ்வொரு முறையும் போடுவோம் என்று நான் நம்பவில்லை. ஈயத்துக்கும் இதே நியாயம்தான். ஒரே கோட்டில் சுட்டால் ஈயம் முழுவதும் ஒரே மண்மேட்டில் சேரும், பின்னாளில் சலித்து எடுக்கலாம். இடம் மாற்றிச் சுட்டால் மாடு மேயும் நிலமெங்கும் சிதறும்.

வழி மிக எளிது. தோட்டச் சாமான் கடையில் விற்கும் ஓரடிச் சதுரக் கான்கிரீட் பலகைக் கற்கள் மூன்று வாங்குங்கள். பெஞ்சின் கால்கள் விழும் இடத்தில் அரையடி தோண்டி, ஜல்லி கொட்டி, நன்றாகக் கெட்டித்து, கற்களைத் தரைமட்டத்துக்குப் பதியுங்கள். ஒவ்வொரு கல்லின் நடுவிலும் பெயின்டால் ஒரு பொட்டு. பெஞ்சை எத்தனை தடவை எடுத்தாலும் கால்கள் அதே பொட்டுகளில் வந்து நிற்கும். மழையில் கால் அமிழாது. கரிசல் ஊதும்போது கற்கள் சற்று ஏறியிறங்கத்தான் செய்யும். பருவத்துக்கு ஒருமுறை மட்டப்பலகை வைத்துப் பார்த்து ஜல்லியைச் சரிசெய்தால் போதும். இடத்தையே மாற்ற வேண்டிய காரணம் வரலாம். பின்னால் யாரோ வீடு கட்டுவார்கள், ஓடை திசை மாறும். அப்போது மண்மேடு உட்பட எல்லாவற்றையும் புதிதாகப் பார்த்து, கற்களைப் பெயர்த்து மாற்றுங்கள். கல்லைப் பெயர்ப்பது சிரமம். அந்தச் சிரமம் இருப்பது நல்லது.

வாங்கிய பெஞ்சைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். தோட்டா எதுவும் அருகில் வேண்டாம். ரைஃபிளின் போல்ட்டைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, பெஞ்சில் மூட்டைகளின் மேல் அதைக் கிடத்தி, ஸ்கோப்பை அதன் உச்சப் பெருக்கத்தில் வைத்து, மண்மேட்டுக்கு முன் உள்ள குறியைப் பாருங்கள். ரைஃபிளைத் தொடாமல், பலகையின் மூலையை விரலால் ஒரு தட்டு. குறுக்குக் கம்பி குறியிலிருந்து துள்ளி, ஆடி, அடங்கும். நல்ல பெஞ்சில் ஒரு துள்ளலோடு அடங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும். மோசமான பெஞ்சில் நீண்ட நேரம் ஊசலாடும், அல்லது வேறிடத்தில் போய் நிற்கும். வேறிடத்தில் நின்றால் எங்கோ ஒரு மூட்டு தளர்ந்திருக்கிறது என்று பொருள். முழங்கையை ஊன்றி எடுத்தும், இருக்கையில் நகர்ந்து உட்கார்ந்தும் இதையே பாருங்கள். எந்த விளம்பரமும் சொல்லாததை இந்தச் சோதனை சொல்லிவிடும். அப்படியே குழாய் முனை பலகையின் முன்விளிம்பைத் தாண்டி நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே தங்கினால் வெடிப்பின் காற்று பலகையில் மோதி முகத்துக்கும் காதுக்கும் திரும்பும். காதுக் காப்பு எப்படியும் கட்டாயம்.

கடையில் வாங்கத்தான் வேண்டுமா, மரத்தில் அடித்துக்கொள்ளலாமா என்றால், தாராளமாக அடித்துக்கொள்ளலாம். முக்கால் அங்குல ஒட்டுப்பலகையும் தடித்த சட்டங்களும் ஆணிக்குப் பதில் போல்ட்டும் போட்டுச் செய்த மூன்று கால் மேசை, விலையுயர்ந்த மடக்கு பெஞ்சுகள் பலவற்றைவிட அசையாமல் நிற்கும். எடை கூடும், இரண்டு பேர் தூக்க வேண்டிவரும். தூக்கிப்போவது கொட்டகைக்கும் மூன்று கற்களுக்கும் இடையே மட்டும்தான் என்பதால் அது பெரிய குறையில்லை.

கடைசியாக, பெஞ்சில் யார் உட்காரலாம் என்பது. நம்மவர்களிடையே இது பேசப்படாமலே போகிறது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற குடியேறா விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ கைவசம் வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடைசெய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. நண்பரின் நிலம், நண்பரின் துப்பாக்கி, ஐந்து நிமிடம்தான் என்பது விலக்கல்ல. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் குடியுரிமை பெற்றவருக்கும் இந்தத் தடை இல்லை. விருந்துக்கு வந்த இளைஞர் ஆசையாக ஒரு தடவை சுட்டுப் பார்க்கிறேன் என்று கேட்டால், அவருடைய விசாவைக் கேட்டுவிட்டு இருக்கையைக் கொடுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். பல ஆண்டு காத்திருந்து வாங்க வேண்டிய அவருடைய கிரீன் கார்டு அந்த ஒரு குண்டில் போய்விடலாம், தயவுசெய்து கேளுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்